கல்மாவு படிந்த கொலைகள்

பக்கத்து மனையில் போர்வெல் போடுகிறார்கள். காலை ஏழு மணிக்கே ரிக் வண்டி வந்து நின்றுவிட்டது. அயோத்தியாப்பட்டணத்தில் எங்கள் தெருவுக்கு வீடு கட்ட வருகிற எவரும் முதலில் செய்வது இதைத்தான். கம்ப்ரசர் உறுமத் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று முணுமுணுத்தன. கொஞ்ச நேரத்தில் அந்த வாசனை வந்தது. நனைந்த கல்மாவு. முந்நூறு அடிக்குக் கீழே வெயிலே காணாமல் கிடந்த பாறை பொடிந்து, தண்ணீரோடு மேலே வந்து, முதன்முதலாக மூச்சு விடுகிற வாசனை. மண்வாசனை என்று நினைத்துவிடாதீர்கள். அது மழையினுடையது, கவிதைக்கு ஆகும். இது டீசலும் இரும்பும் கலந்து பல்லிடுக்கில் நறநறக்கிற வாசனை. இதை முகர்ந்தால் மற்றவர்களுக்குத் தண்ணீர் ஞாபகம் வரும். எனக்குக் கொலை ஞாபகம் வரும்.

ஜன்னலைச் சாத்தலாம் என்று மகளின் அறைக்குப் போனேன். கட்டிலில் குப்புறப் படுத்துக் கைப்பேசியில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். காதில் பஞ்சு. ஏதோ மர்மக்கதைத் தொகுப்பாம், முப்பது கதையாம். எட்டிப் பார்த்தேன். நான் படித்த கதை. வாயைத் திறப்பதற்குள் கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

“அம்மா, சொல்லிடாத! இன்னும் ரெண்டே பக்கம். யாரு கொன்னதுன்னு நானே கண்டுபிடிக்கிறேன்.”

நகத்தைக் கடித்துக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டாள். வாசற்படியில் நின்று அவளையே பார்த்தேன். சுருக்கென்று ஒன்று குத்தியது. பெற்ற மகள் மேல் பொறாமைப்படுகிற வயதா இது? ஆனால் அது பழைய சுருக்கு. வந்த திசை எனக்குத் தெரியும். திருச்செங்கோட்டிலிருந்து, சங்ககிரி ரோட்டிலிருந்து, மாடியில் இரண்டே அறை இருந்த ஒரு ரிக் ஆபீசிலிருந்து வருகிறது.

இருபது வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்குவது, மேசை துடைப்பது, வடக்கே எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை அடி ஓட்டியிருக்கிறது என்று சிலேட்டுப் பலகையில் எழுதுவது, இவைதான் என் சோலி. எங்கள் முதலாளிக்கு ஐந்து ரிக். ஐந்தும் வருசத்தில் எட்டு மாதம் மத்தியப் பிரதேசத்தில் எங்காவது பாறையைக் குடைந்துகொண்டிருக்கும். மழை பிடித்தால்தான் ஊர் திரும்பும். போனும் ஃபைலும் கலாமணியக்கா வசம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நெடுநெடுவென்று உயரம், அவசரமே இல்லாத நடை. ‘ஹலோ’ என்று அவர் சொன்னால் எதிர்முனையில் இருக்கிற ஆள் கையிலிருக்கிற பீடியைப் போட்டுவிடுவார் என்று மாரப்பண்ணன் சொல்வார். மாரப்பண்ணன் எங்கள் உதிரிபாக ஸ்டோரின் பொறுப்பாளர், ஐம்பது தாண்டியவர். ஆக ஆபீசில் மூன்று பேர், ஒரு போன், ஒரு மண்பானை.

அப்புறம் ஒரு பிஸ்கட் டப்பா.

அதைச் சொல்வதற்கு முன் புத்தகத்தைச் சொல்ல வேண்டும். கலாமணியக்கா எங்கே வார, மாதப் பத்திரிகை கண்டாலும் விடமாட்டார். டாக்டர் வீட்டுப் பெஞ்சில் கிடப்பது, முடிதிருத்தும் கடையில் கிழிந்தது, பொட்டலம் மடிக்க வாங்கி வைத்தது, எல்லாவற்றையும் கேட்டு வாங்குவார். அதிலிருக்கிற குற்றக்கதை, துப்பறியும் கதை, பேய்போலத் தொடங்கி மனுசனில் முடிகிற கதை, இவற்றை மட்டும் கத்தரித்துச் சேர்ப்பார். பன்னிரண்டு கதை சேர்ந்தால் ஒரு புத்தகம். சாக்கு ஊசியில் தைத்து, பாறை குடையும் பிட்டுகள் வரும் அட்டைப்பெட்டியை வெட்டி மேலட்டை போடுவார். அதனால் எங்கள் புத்தகங்களில் கிரீஸ் வாசம் வீசும். ஒவ்வொன்றுக்கும் ரிக் வண்டியைப் போலவே எண். “மூணாம் வண்டி படிச்சிட்டியா புள்ள?” என்றால் மூன்றாம் தொகுதி.

இனிமேல்தான் விசயம். ஒவ்வொரு கதையின் கடைசித் தாளும் புத்தகத்தில் இருக்காது. அதை மட்டும் தனியே எடுத்து, பழுப்புக் காகிதத்தில் நான்காக மடித்து, மேலே கதைத் தலைப்பை எழுதி, குண்டூசி குத்தி, பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவார். வாரத்துக்கு ஒரு கதை. சனிக்கிழமைக்குள் மூன்று பேரும் படித்து, யார் குற்றவாளி என்று துண்டுச்சீட்டில் எழுதிப் போட வேண்டும். சனிக்கிழமை நாலு மணிக்கு, தேங்காய் பன்னும் டீயும் வந்த பிறகு, மாரப்பண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சீட்டுகளை வாசிப்பார். பிறகு குண்டூசி பிரியும்.

“அப்ப உங்களுக்கு மட்டும் முடிவு தெரிஞ்சிருக்குமில்லீங்க்கா?” என்று முதல் வாரமே கேட்டேன்.

“நாம் பாக்கவே மாட்டேன் புள்ள. கடசித் தாளக் கவுத்து வெச்சுத்தான் கத்திரிப்பேன். சத்தியமா.”

நம்பினேன். சிரிக்காதீர்கள், அந்த முகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

முதல் கதை இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏற்காட்டு பங்களா ஒன்றில் ஓய்வு பெற்ற நீதிபதி சாய்வு நாற்காலியில் செத்துக் கிடக்கிறார். மேசையில் இரண்டு கப் காப்பி, இரண்டும் ஆறியவை. ஒன்றின் மேல் பாலாடை, மற்றதில் இல்லை. அவ்வளவுதான் தடயம். அதுவரை நான் படித்ததெல்லாம் தொடர்கதை. அழுகை, கல்யாணம், மறுபடி அழுகை. இந்தப் பாலாடை என் மண்டைக்குள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டது. அன்று டவுன் பஸ்ஸில் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வீட்டில் அம்மா காப்பி கொடுத்தால் கப்பையே உற்றுப் பார்த்தேன். உலகம் முழுக்கத் தடயமாக மாறிவிட்டது: அப்பாவின் செருப்பில் ஒட்டிய செம்மண், எதிர்வீட்டுக் கொடியில் இரண்டு நாளாக எடுக்கப்படாத சட்டை, நடத்துனரின் காதில் செருகியிருந்த பென்சில். நிமிர்ந்தால் மலை, அதுவும் எதையோ மறைத்து வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைப் போல நின்றது.

தோட்டக்காரன்தான் கொன்றான் என்று எழுதிப் போட்டேன். கொன்றது தங்கை. பாலாடையை விரலால் எடுத்துத் தின்னும் பழக்கம் அவளுக்கு. பாவம், அந்த நாளில் நான் எப்போதுமே இல்லாதப்பட்டவர்களாகப் பார்த்துத்தான் பிடித்துக் கொடுத்திருக்கிறேன்: தோட்டக்காரன், சமையல்காரி, பால்காரன். மாரப்பண்ணனுக்கு அந்தக் குழப்பமே கிடையாது. எந்தக் கதைக்கும் ‘மருமகன்’ என்றுதான் எழுதுவார். அவருக்கும் அவர் மருமகனுக்கும் ஒரு டி.வி.எஸ். ஃபிப்டி விசயமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மாதத்துக்கு ஒரு கதையாவது தானாக அவர் வழிக்கு வந்துவிடும்.

“பாத்தீங்களா? மருமகனுன்னா இப்படித்தான். கதையிலயுமே!” என்று பன்னைக் கடிப்பார்.

தொகுப்பின் ருசி வேறு ருசி. நாவலென்றால் ஒரே வீட்டில் வாழ்க்கைப்படுவது. தொகுப்பு டவுன் பஸ். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் மாறும், வாசனை மாறும், கொலை மாறும். ஒருத்தர் மூன்றே பக்கத்தில் கத்தியைச் சொருகிவிட்டு இறங்கிவிடுவார். இன்னொருத்தர் கடைசி வரை மழையைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பார். நாம் கொட்டாவி விடுகையில் மழைக்குள்ளிருந்து ஒரு கை நீளும். பத்து நிமிடப் பயம், பத்து நிமிட நீதி, பிறகு சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தால் தக்காளிச் சாதம்.

இவ்வளவு ருசிக்கு நடுவே ஒரு கல் கிடந்தது. கலாமணியக்கா ஒருமுறைகூடத் தவறமாட்டார்.

சீட்டில் ஒரே ஒரு சொல் எழுதியிருப்பார்: ‘தங்கை’. ‘வக்கீல்.’ ‘யாருமில்லை, விபத்து.’ குண்டூசி பிரியும், அதுவே இருக்கும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், டீயை ஊதிக்கொண்டிருப்பார். அந்த ஊதல்தான் எனக்குத் தாங்கவில்லை. பொறாமைக்கும் அடிக்கணக்கு உண்டு. முதல் இருபது அடி வெறும் மண், இலேசாக இறங்கிவிடும்: ‘அக்கா எப்படிப்பட்ட கெட்டி!’ என்று நானே எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதன்பின் சுக்கான்கல். அவருடைய கையெழுத்து பிடிக்காமல் போயிற்று. பின்னலை முன்னால் போட்டுக்கொள்வது பிடிக்காமல் போயிற்று. நூறு அடிக்குக் கீழே பாறை. அங்கே உறுமலும் புழுதியும்தான்.

பாறையைத் தட்டியது ஒரு போன். மூவரும் படித்து முடித்த தொகுதியை உதிரிபாக லாரியில் வடக்கே அனுப்பிவிடுவோம், கடைசித் தாள்கள் இல்லாமல். அங்கே கேம்ப்பில் பத்துப் பதினைந்து பேர், கூடாரம், ரொட்டி, பாஷை தெரியாத ஊர். அவர்களுக்கு அந்தப் புத்தகம்தான் சினிமா கொட்டகை. செங்கோடன் என்ற ரிக் மேனேஜர் வாரம் இருமுறை எஸ்.டி.டி.யில் கூப்பிட்டு, அடிக்கணக்கு சொல்லி, கேசிங் பைப் கேட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்துவார்: “அக்கா, அந்த ரயில்பெட்டிக் கதையில ஆரு கொன்னதுங்க? பசங்க ரெண்டு கட்சியா நிக்கறானுங்க.” ஆபீசில் அந்தக் கதைக்குச் சரியாகச் சொன்னவர்தான் போனில் முடிவு சொல்ல வேண்டும், அது விதி. அதனால் எப்போதும் கலாமணியக்காதான் சொன்னார். மத்தியப் பிரதேசத்தில் பதினைந்து ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, இங்கே ஒரு பெண் நிதானமாக, “வக்கீல்” என்பார். அங்கிருந்து வரும் கூச்சல் ரிசீவரைத் தாண்டி எனக்குக் கேட்கும்.

ஒருநாள் அக்கா லீவு. போனை நான் எடுத்தேன். அடிக்கணக்கு எழுதிக்கொண்டேன். குரலைத் தாழ்த்தினார் செங்கோடன்.

“அக்கா இல்லீங்களா?”

“லீவுங்க. எனக்கும் தெரியுமுங்க, நாஞ் சொல்லட்டுங்களா?”

“பரவால்லீங் அம்மிணி. அக்காவே வந்து சொல்லட்டும். அது சொன்னாத்தான் பசங்களுக்குத் திருப்தி.”

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கினேன். பானையில் தண்ணீர் ஊற்றினேன். ஊதுபத்தி ஏற்றினேன். பிறகு சாமி படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். குண்டூசியை உருவி, படித்து, அதே ஓட்டையில் மறுபடி செருகினேன். குற்றவாளிக்கும் வேர்க்கும் என்று எல்லாக் கதையும் சொல்லும். உள்ளங்கை மட்டும்தான் வேர்க்கும் என்று எந்தக் கதையும் சொன்னதில்லை.

அந்தச் சனிக்கிழமை என் சீட்டும் அக்காவின் சீட்டும் ஒன்றாக இருந்தன. அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும். மாரப்பண்ணன் பன்னில் பாதியைப் பிய்த்து எனக்கே கொடுத்தார். கலாமணியக்கா டீயை ஊதாமல் என்னைப் பார்த்தார். “பரவால்லயே, புள்ள தேறிக்கிச்சு” என்றார். அந்தத் தொகுதி வடக்கே போனதும் போனில் முடிவு சொல்லுகிற முறை எனக்கு வந்தது. “டிரைவர்” என்றேன். கூச்சல் வந்தது. “அட அம்மிணி!” என்றார் செங்கோடன். என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ கைத்தட்டல் கேட்டிருக்கிறேன், கதை எழுதி இரண்டு சிறு விருதுகள்கூட வாங்கியிருக்கிறேன். அந்தக் கூச்சலுக்கு ஈடாக ஒன்றும் இல்லை. திருடியது என்பதாலோ என்னவோ.

ஆனால் ஒன்று நடந்துகொண்டிருந்தது, நான் கவனிக்கவில்லை. முடிவைப் படித்துவிட்டுக் கதைக்குள் போனால் பாலாடை வெறும் பாலாடையாகக் கிடந்தது. பயம் வரவில்லை. சந்தேகப்பட ஆளில்லை. சலித்துப்போய், கதையைப் படிப்பதையே விட்டுவிட்டேன். தாளை மட்டும் பார்த்தால் போதுமே.

நான்காவது வாரம். தாளைப் பிரித்தேன். கடைசிப் பத்தியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ‘ஆமாம், நான்தான்’ என்கிறார். ‘டாக்டர்’ என்று சீட்டெழுதிப் போட்டுவிட்டுப் பூ வாங்கப் போனேன்.

சனிக்கிழமை நாலு மணி. மாரப்பண்ணன் தன் சீட்டை முதலில் வாசித்தார்: “மருமகன்.” அக்காவினுடையது: “கம்பவுண்டர்.” என்னுடையதைப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“டாக்டருன்னு எழுதியிருக்குது. ஏஞ்சாமி, செத்ததே டாக்டருதானே?”

சமாளிக்க என்னென்னவோ தேடினேன்.

“தற்கொலையா இருக்கக்கூடாதுங்களாண்ணா?”

“முதுகுல குத்தியிருக்குது அம்மிணி! தாங் கையத் திருப்பி எப்படிக் குத்திக்குவாரு?” எழுந்து நின்று, கையைப் பின்னால் வளைத்து, எட்டுகிறதா என்று செய்தே காட்டினார். எட்டவில்லை. தோள் பிடித்துக்கொண்டது.

தாளைப் பிரிக்கிற முறை வந்தது. அக்கா எடுத்துப் பிரித்து, மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “அடடா, தாள மாத்தி மடிச்சிட்டேன் போல. இது வேற கதையுது” என்றார். கைப்பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து மாரப்பண்ணனிடம் கொடுத்தார். கம்பவுண்டர்தான். பிறகு என் சீட்டை மட்டும் நான்காக மடித்துத் தன் தூக்குப்பைக்குள் போட்டுக்கொண்டார். “புள்ளைக்குத் தலவலி, அதான் கத மாறிப்போச்சு” என்றார் மாரப்பண்ணனிடம். என்னைப் பார்க்கவில்லை.

கேவலம் ஒரு புறம். இன்னொரு புறம், அப்போதும், பொறாமைதான்: எப்பேர்ப்பட்ட பொறி! என்னையும் சேர்த்தல்லவா கண்டுபிடித்துவிட்டார்! துப்பறிகிறவருக்கு உரிய ஒரு கேள்வியை நான் அந்த இடத்திலேயே கேட்டிருக்க வேண்டும். பத்து வினாடி யோசித்தால் போதும். நான் யோசிக்கவில்லை. வெந்துகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால் பிஸ்கட் டப்பா என் மேசைமேல் இருந்தது. மூடி திறந்தபடி. அன்று முழுக்க அதை நான் தொடவில்லை. அந்த வாரக் கதையை முதல் வரியிலிருந்து படித்தேன். நகத்தைக் கடித்தேன். ஒரு சமையல்காரியைச் சந்தேகப்பட்டேன். தப்பு. அப்பாடா என்றிருந்தது. அதன்பிறகு ஒன்றரை வருசத்தில் நேர்மையாக ஐந்து முறை கண்டுபிடித்தேன். கலாமணியக்கா எல்லா வாரமும். டப்பாவைப் பற்றி அவர் ஒரு சொல் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மன்னித்துவிட்டாரா என்று தெரியாமல் ஒருத்தர் பக்கத்தில் தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதற்குத் திட்டியே இருக்கலாம்.

மழைக்காலத்தில் வண்டிகள் திரும்பும்போது தொகுதிகளும் திரும்பும். பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் வெள்ளையாகக் கல்மாவு கொட்டும். ஓரங்களில் கிரீஸ் கைரேகை. ‘இவன்தான்’ என்று ஒரு பென்சில். அதற்குக் கீழே ‘போடா, அவன் பாவம்’ என்று இன்னொரு பென்சில். உதறி உதறிப் படிப்போம். மூக்கில் ஏறும். அந்த வாசனைதான் இப்போது என் ஜன்னலுக்கு வெளியே.

சமீபத்தில் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆபீஸ் இருந்த மாடியில் மூக்குக் கண்ணாடிக் கடை. சிலேட்டுப் பலகை இருந்த சுவரில் கண்பார்வை சோதிக்கும் அட்டை மாட்டியிருக்கிறது. முதலாளி ரிக்குகளை விற்றுவிட்டுக் கோழிப்பண்ணைக்கு மாறிவிட்டார். மாரப்பண்ணன் மருமகனோடு ராசியாகி, அவர் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து கொஞ்ச காலம் ஊர் சுற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இன்று கேம்ப்பில் இருக்கிற பையன்கள் ஆளுக்கொரு கைப்பேசி வைத்திருக்கிறார்கள். யார் கொன்றது என்று யாரும் யாரையும் கூப்பிட்டுக் கேட்கத் தேவையில்லை. புத்தகங்கள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடைசி வருசம் போனவை எந்த ஆற்றங்கரையில் எந்தக் கூடாரத்தில் அடுப்பு மூட்டப் போயினவோ. பிஸ்கட் டப்பா மட்டும் என் பீரோவில் இருக்கிறது. உள்ளே தொண்ணூறுக்கு மேல் கடைசித் தாள்கள், துருப்பிடித்த குண்டூசிகளோடு. என்னிடம் முடிவுகள் இருக்கின்றன, கதைகள் இல்லை.

அந்த டப்பாவை அவர் எனக்குக் கொடுத்தது திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில். கல்யாணமாகி ராய்ப்பூருக்குப் போகிறார். மாப்பிள்ளை அங்கே உதிரிபாகக் கடை வைத்திருக்கிற நம்மூர்க்காரர். சேலம் பஸ்ஸில் ஜன்னலோர இடம்; மாப்பிள்ளை மேலே ஏறிப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவது வரவில்லை. அதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்னும் ஐந்து நிமிடத்தில் பஸ் எடுத்துவிடுவான் என்பதுதான்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுங்களா? ஒருக்காக்கூடத் தப்பாம எப்படீங்க்கா கண்டுபுடிச்சீங்க?”

ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். அந்த இரண்டு வருசத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“அட கூறு கெட்ட புள்ள! படிச்சுப் பாக்காம எவளாச்சும் கத்திரிப்பாளா? எல்லாம் மொதல்லயே படிச்சதுதான்.”

“கவுத்து வெச்சுக் கத்திரிப்பேன்னு சத்தியம் பண்ணுனீங்களே...”

“பண்ணுனேன். அந்த டாக்டரு தாள மாத்தி வெச்சேன் பாரு, டாக்டரு கொல்ற முடிவாப் பாத்துப் பொறுக்கி வெக்கோணும்னா எல்லா முடிவும் தெரிஞ்சிருக்கோணுமில்ல? அன்னைக்கே நீ அதக் கேட்டுருவியோன்னு எனக்கு ஒரு வாரம் தூக்கமில்ல.”

நடத்துனர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது, நானும் கூடவே நடந்தேன்.

“ரெண்டு வருசம் உங்க மேல பொறாமையில வெந்தேனுங்க்கா!” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே. கரும்புச்சாறு விற்கிறவர் திரும்பிப் பார்த்தார்.

கலாமணியக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். கையை வெளியே நீட்டி, என் கையிலிருந்த டப்பாவின் மூடியை ஒரு தட்டுத் தட்டினார்.

“நாந்தாம் புள்ள வெந்தேன். எதுத்தாப்பல உக்காந்து நகத்தக் கடிச்சுக் கடிச்சுப் படிப்ப பாரு... உனக்கு முடிவு தெரியாதில்ல.”